மறந்தாலும் ஓடும் கணக்கு: ஏடிஹெச்டி உள்ளவர்களுக்கு ஒரு பண வழிகாட்டி

என் மேசையின் மூன்றாவது இழுப்பறையைத் திறக்கவே ஒரு காலத்தில் பயப்படுவேன். உள்ளே எல்லாம் பிரிக்காத கடித உறைகள். ஒரு நாள் வேறு எதையோ தேடப்போய், சரி ஆனது ஆகட்டும் என்று எல்லாவற்றையும் தரையில் கொட்டிப் பிரித்தேன். ஒரே பில்லுக்கு மூன்று கடிதங்கள் வந்திருந்தன. முதலாவதில் தொகை, இரண்டாவதில் தொகையோடு தாமதக் கட்டணம், மூன்றாவதில் இணைப்பைத் துண்டிக்கப்போகும் தேதி. அந்தத் தேதி முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அத்தனை நாளும் வங்கிக் கணக்கில் பணம் இருந்ததுதான் இதில் வேடிக்கை. கட்ட முடியாமல் போகவில்லை, கட்டவில்லை, அவ்வளவுதான்.

இப்படிப் போகும் பணத்துக்கு ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு) உள்ளவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: ஏடிஹெச்டி வரி. தாமதக் கட்டணம், பயன்படுத்தாத சந்தா, வீட்டில் இருப்பது தெரியாமல் இரண்டாவதாக வாங்கிய சார்ஜர், திருப்பி அனுப்பும் கெடு தாண்டிய சட்டை எல்லாம் அதில் அடக்கம். இந்தக் கட்டுரை அந்த வரியைக் குறைப்பதற்காக. பணக்காரர் ஆவது பற்றி இதில் எதுவும் இல்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற நோயறிதல் கையேட்டில் ஏடிஹெச்டியின் அறிகுறிகள் இருக்கின்றன. அன்றாட வேலைகளை மறப்பது அவற்றில் ஒன்று. பெரியவர்களிடம் அது எப்படித் தெரியும் என்பதற்கு அந்தக் கையேடு தரும் உதாரணங்களில் ‘பில் கட்டுவது’ இருக்கிறது. பொருட்களைத் தொலைப்பது என்ற அறிகுறிக்கான உதாரணங்களில் பர்ஸ் இருக்கிறது. ஆக, பில் கட்ட மறப்பதும் பர்ஸைத் தொலைப்பதும் உங்கள் பொறுப்பின்மைக்கு அத்தாட்சி என்று யாராவது சொன்னால், மருத்துவர்கள் அதை வேறு பட்டியலில் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லலாம்.

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். செலவை எழுதி வை, மாதக் கடைசியில் கூட்டிப் பார், அடுத்த மாதம் திருத்திக்கொள் என்பதுதான் வழக்கமான அறிவுரை. இது மூன்று விஷயங்கள் நம்மிடம் இருப்பதாக நினைத்துக்கொண்டு சொல்லப்படுவது. ஒன்று, கையில் உள்ள விவரத்தைக் கொஞ்ச நேரம் மனதில் பிடித்துவைக்கும் செயல் நினைவு. இரண்டு, காலம் பற்றிய உணர்வு. மூன்று, பின்னால் வரப்போகும் பெரிய பலனுக்காக இப்போதைய சின்ன சந்தோஷத்தைத் தள்ளிவைக்கும் பொறுமை. ஏடிஹெச்டியில் அடிவாங்குவது இந்த மூன்றும்தான். உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி இதை எதிர்காலத்தைப் பொறுத்த கிட்டப்பார்வை என்கிறார். இருபது நாள் கழித்து வரும் கெடு நமக்கு மங்கலாகக்கூடத் தெரியாது. நாளைக்கு என்றால்தான் தெரியும், அதுவும் திடீரென்று பூதாகரமாக.

அதனால் இங்கே சொல்லப்போகும் படிகள் எதுவும் உங்கள் நினைவாற்றலையோ மன உறுதியையோ நம்பி இல்லை. நீங்கள் மறப்பீர்கள், சலித்துப்போவீர்கள், ஒரு வாரம் எதையும் திறந்து பார்க்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட வாரத்திலும் வாடகையும் மின்கட்டணமும் தானாகப் போக வேண்டும். கணக்கை அதற்கு ஏற்ற மாதிரி அமைப்பதுதான் வேலை.

முதல் படி: பார்ப்பது மட்டும்

அலாரத்தில் இருபது நிமிடம் வையுங்கள். கடைசி மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட்டைத் திறந்து, மாதாமாதம் திரும்பத் திரும்ப வெளியே போகும் தொகைகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். பெயர், தொகை, தேதி போதும். வாடகை, தவணை, காப்பீடு, போன், இணையம், சந்தாக்கள். மற்ற செலவுகளை இன்றைக்குத் தொடவே வேண்டாம்.

இங்கேதான் நம்மில் பலர் தடம் மாறுவோம். ஒரு சந்தா கண்ணில் பட்டதும் அதை ரத்து செய்யப் போவோம், கடவுச்சொல் மறந்திருக்கும், அதை மீட்க மின்னஞ்சலைத் திறப்போம், அங்கே வேறு ஏதோ வந்திருக்கும், ஒரு மணி நேரம் போய்விடும். அதனால் இன்றைக்கு எதையும் திருத்தக் கூடாது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். ரத்து செய்ய வேண்டியவற்றுக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு மேலே போங்கள். அலாரம் அடித்ததும் நிறுத்திவிடலாம். மீதியை நாளைக்கு இன்னொரு இருபது நிமிடத்தில் பார்க்கலாம்.

பல வண்ணத்தில் பட்ஜெட் ஷீட் தயாரிக்கும் ஆசையும் இந்தக் கட்டத்தில் வரும். எனக்கு ஐந்து முறை வந்திருக்கிறது. ஒவ்வொன்றையும் செய்ய ஒரு ராத்திரி ஆனது, ஒன்றைக்கூட இரண்டாவது வாரத்தில் திறக்கவில்லை. தாள் போதும்.

இரண்டாம் படி: மூன்று கணக்கு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒரே கணக்கில் எல்லாப் பணமும் இருந்தால், பேலன்ஸைப் பார்க்கும்போது தெரியும் எண் ஒரு பொய். பத்து நாள் கழித்துப் போகப்போகும் வாடகையும் அதற்குள் இருக்கிறது. அதைக் கழித்துப் பார்க்கும் வேலையை ஒவ்வொரு முறையும் மூளைதான் செய்ய வேண்டும், நம் மூளை அதைச் செய்யாது. அதனால் பணத்தையே பிரித்து வைத்துவிடுவோம்.

முதலாவது பில் கணக்கு. சம்பளம் இதில் வரட்டும். மாதாந்திரக் கட்டணங்கள் எல்லாம் இதிலிருந்தே போகட்டும். இந்தக் கணக்கின் கார்டு உங்கள் பர்ஸிலும் இருக்கக் கூடாது, போனிலும் இருக்கக் கூடாது. இரண்டாவது கைச்செலவுக் கணக்கு. கையில் வைத்திருக்கும் ஒரே கார்டு இதனுடையது. மூன்றாவது சேமிப்பு. முடிந்தால் இதை வேறு வங்கியில் வையுங்கள், ஆப்பை முகப்புத் திரையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மனிதர்கள் பணத்தை மனதுக்குள் தனித்தனி டப்பாக்களில் போட்டு வைப்பதாகப் பொருளியலாளர் ரிச்சர்ட் தாலர் 1985-இல் எழுதினார். மனக்கணக்கு பற்றிய அந்தச் சிந்தனையும் சேர்ந்துதான் அவருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. பணம் எல்லாம் ஒன்றுதான், டப்பா பிரிப்பது தர்க்கப்படி சரியில்லை என்று பொருளியல் வாதிடலாம். வாதிடட்டும். மனதுக்குள் டப்பா நிற்காத நமக்கு அதை வங்கியே வைத்துக் கொடுத்தால் நல்லதுதானே.

பணம் எப்படிப் பிரிய வேண்டும்? முதல் படியில் எழுதிய தாளைக் கூட்டுங்கள். சம்பளம் 100 பங்கு, நிலையான கட்டணங்கள் 58 பங்கு என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் ஏழு பங்கு கூடுதலாக பில் கணக்கிலேயே இருக்கட்டும். வருடத்துக்கு ஒரு முறை வரும் காப்பீடு, வரி, புதுப்பிப்புக் கட்டணம் போன்றவற்றைப் பன்னிரண்டால் வகுத்தால் வரும் தொகைக்காக இந்த ஏழு. நம்மைக் கவிழ்ப்பவை பெரும்பாலும் இந்த வருடாந்திரச் செலவுகள்தான். ஒவ்வொரு வருடமும் அவை முதல் முறை வருவது போலவே வரும். மீதமுள்ள 35-இல் ஐந்து சேமிப்புக்கு, 30 கைச்செலவுக்கு. உங்கள் எண்கள் வேறாக இருக்கும். சேமிப்பு ஐந்துதானா என்று வெட்கப்பட வேண்டாம். ஒன்று என்றாலும் தானாகப் போக வேண்டும் என்பதே முக்கியம், பிறகு உயர்த்திக்கொள்ளலாம்.

சம்பளம் வந்த மறுநாளே பணம் தானாக மாறும்படி வங்கி ஆப்பில் ஒரு முறை அமைத்துவிடுங்கள். அதற்கு அப்புறம் மாதாமாதம் நீங்கள் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை.

வருமானம் மாதத்துக்கு மாதம் மாறுபவர்களுக்கு ஒரு மாற்றம். வருகிற பணம் எல்லாம் பில் கணக்கில் விழட்டும். அங்கிருந்து உங்களுக்கு நீங்களே ஒரு நிலையான ‘சம்பளம்’ கொடுத்துக்கொள்ளுங்கள். கடந்த ஒரு வருடத்தில் மிகக் குறைவாக வந்த மாதத்தின் தொகையை அதற்கு அளவாக வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

மூன்றாம் படி: கெடுக்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவருவது

ஒரு பில் 4-ஆம் தேதி, ஒன்று 11, இன்னொன்று 23 என்று இருந்தால் மாதத்தில் மூன்று பொறிகள். பல நிறுவனங்கள் கேட்டால் கெடு தேதியை மாற்றித் தருகின்றன, குறிப்பாக கிரெடிட் கார்டுகள். சம்பளம் வந்து மூன்று நான்கு நாளுக்குள் எல்லாம் முடியும்படி கேட்டுப் பாருங்கள். அதன் பிறகு ஒவ்வொன்றுக்கும் ஆட்டோ டெபிட் (கணக்கிலிருந்து பணம் தானாகப் போகும் ஏற்பாடு) போடுங்கள்.

ஆட்டோ டெபிட்டில் இரண்டு எச்சரிக்கைகள். கணக்கில் பணம் இல்லாத நாளில் அது ஓடினால் வங்கி ஒரு அபராதம் போடும், பில் நிறுவனம் இன்னொன்று போடும். அதனால் பில் கணக்கில் மெல்ல மெல்ல ஒரு மாதக் கட்டணம் அளவுக்கு அடிப்பணம் சேருங்கள். சேமிப்பை விடவும் இதுதான் முதலில். இரண்டாவது, கிரெடிட் கார்டுக்கு ஆட்டோ டெபிட் போடும்போது முழுத் தொகையா குறைந்தபட்சத் தொகையா என்று கேட்கும். கட்ட முடியும் என்றால் முழுத் தொகை. உறுதியில்லை என்றால் குறைந்தபட்சத்தையாவது போட்டு வையுங்கள், தாமதக் கட்டணத்திலிருந்தாவது தப்பிக்கலாம். ஆனால் அது தற்காலிகம்தான். ஏன் என்று கடன் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

ஆட்டோ டெபிட் போட முடியாத பில் ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும். அவற்றுக்கு அலாரம். அதிலும் வெறும் ‘பில் கட்டு’ என்ற அலாரம் எனக்கு வேலை செய்ததில்லை, அணைத்துவிட்டு ‘ஐந்து நிமிடத்தில்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதிய ‘இது நடந்தால் அதைச் செய்வேன்’ என்ற வகைத் திட்டம் இதற்குக் கொஞ்சம் பரவாயில்லை. ‘சனிக்கிழமை காலை காபி டம்ளரை மேசையில் வைத்ததும் தண்ணீர்க் கட்டணத்தைக் கட்டுவேன்’ என்று, நேரத்தோடு கட்டாமல் ஏற்கெனவே செய்கிற ஒரு செயலோடு கட்டிவிடுவது. கட்டி முடிக்கும் வரை காபியைத் தொடக் கூடாது என்பது நான் சேர்த்துக்கொண்டது.

நான்காம் படி: மாதத்தை வாரமாக்குவது

30 நாள் என்பது நமக்கு நீளம் தெரியாத ஒரு காலம். கைச்செலவுப் பணம் மாதம் முழுமைக்கும் ஒரேயடியாக வந்தால் முதல் பத்து நாள் ராஜா, கடைசிப் பத்து நாள் ஆண்டி. கைச்செலவுத் தொகையை வாரமாகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு முறை மட்டும் கைச்செலவுக் கணக்குக்கு வரும்படி வையுங்கள். சில மாதங்களில் ஐந்து வாரம் வரும் என்பதால் மாதத் தொகையை 4.35-ஆல் வகுப்பது பாதுகாப்பு.

வெள்ளிக்கிழமை வேண்டாம். வார இறுதி முடிவதற்குள் காலியாகிவிடும். திங்கட்கிழமை வரட்டும். கணக்கில் இருக்கும் எண் அடுத்த திங்கள் வரைக்கும். வேறு கணக்கு எழுத வேண்டாம்.

ஐந்தாம் படி: வாங்கும் வேகத்துக்கு முட்டுக்கட்டை

ராத்திரி பதினொன்றரை. தூக்கம் வரவில்லை. ஒரு காணொளியில் யாரோ மரத்தில் கரண்டி செதுக்குகிறார். பன்னிரண்டு மணிக்குள் உளிகள், கையுறை, மெருகு எண்ணெய், மூன்று வகை மரத்துண்டு எல்லாம் கூடையில். ‘இதுதான் எனக்கான பொழுதுபோக்கு, இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டது’ என்று நெஞ்சு படபடக்கிறது. கைரேகை வைத்தால் முடிந்தது. பெட்டி வந்து சேரும்போது நமக்குள் இருந்த அந்த ஆர்வக்காரர் போய்விடுவார், பெட்டி மட்டும் இருக்கும். என் வீட்டில் ஒரே ஒரு கரண்டி இருக்கிறது, அரைகுறையாக.

இதில் சந்தோஷம் வாங்குவதற்கு முந்தைய அந்த அரை மணி நேரத்தில்தான் இருக்கிறது. பொருளை வைத்திருப்பதில் அதில் பாதிகூட இல்லை. அதனால் அந்த அரை மணி நேரத்தை வைத்துக்கொண்டு கடைசிச் சொடுக்கை மட்டும் கடினமாக்குவோம்.

எல்லா ஆப்களிலும் உலாவியிலும் சேமித்து வைத்த கார்டு எண்ணை அழித்துவிடுங்கள். எழுந்து போய் கார்டை எடுத்து வந்து பதினாறு இலக்கம் தட்ட வேண்டும் என்றால் பாதி ஆசை படுக்கையிலேயே செத்துவிடும். கடை ஆப்களின் நோட்டிஃபிகேஷனை நிறுத்துங்கள். ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ வசதியை எங்கே கண்டாலும் மூடிவிடுங்கள். பின்னால் வரும் வலி தெரியாத மனிதர்களை மனதில் வைத்தே செய்தது போல இருக்கிறது அது. கூடையில் போட்டதை உடனே வாங்காமல் ஒரு குறிப்பில் தேதியோடு எழுதி வையுங்கள். மூன்று நாள் கழித்தும் நினைவிருந்தால் வாங்கலாம். மறந்துபோனால் மறதி நமக்குச் செய்த ஒரே உபகாரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

புதுப் பொழுதுபோக்குகளுக்கு இரவல் அல்லது வாடகை முதலில், பழைய பொருள் இரண்டாவது, புதுசு கடைசியில்.

இதெல்லாம் செய்தாலும் திடீர் ஆசை நிற்காது. அதை முழுக்க அடைத்தால் ஒரு நாள் உடைத்துக்கொண்டு வரும். வாரப் பணத்தில் ஒரு பகுதியை யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத பணமாக விட்டுவிடுங்கள். அதில் கரண்டி உளி வாங்கினாலும் குற்றவுணர்ச்சி தேவையில்லை. பங்குச்சந்தை ஆப்பில் தினமும் வாங்கி விற்பதும் இதே விளையாட்டுதான், முதலீடு என்ற பெயரில். அதையும் இந்தப் பணத்துக்குள்ளேயே நிறுத்துங்கள்.

சந்தா பற்றிச் சுருக்கமாக: இலவசச் சோதனைக் காலம் என்று எதில் சேர்ந்தாலும் சேர்ந்த ஐந்தாவது நிமிடமே ரத்து செய்துவிடுங்கள். பல சேவைகள் ரத்து செய்த பிறகும் சோதனைக் காலம் முடியும்வரை ஓடும். சில உடனே நின்றுவிடும். அப்படி நின்றாலும் நஷ்டமில்லை.

ஆறாம் படி: கடன்

கிரெடிட் கார்டு வட்டி ஆண்டுக்கு 36 சதவீதம் என்றால் மாதத்துக்கு 3 சதவீதம். எதுவும் கட்டாமல் விட்டால், கூட்டு வட்டியில் 24 மாதத்தில் கடன் இரண்டு மடங்காகிவிடும். குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுவது இதைவிடக் கொஞ்சம்தான் மேல். 100 கடனுக்கு இந்த மாதம் 5 கட்டினால், அதில் 3 வட்டிக்குப் போய்விடும், கடனில் குறைவது 2.

பல கடன்கள் இருந்தால் எதை முதலில் அடைப்பது என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. அதிக வட்டி உள்ளதை முதலில் அடைப்பது கணக்குப்படி லாபம். தொகை சிறியதை முதலில் அடைப்பது, ஒரு கடன் முழுசாகத் தீர்ந்த திருப்தியை சீக்கிரம் தரும். புத்தகக் கணக்கு முதலாவதைத்தான் சொல்லும். ஏடிஹெச்டி இருந்தால் நான் இரண்டாவதின் பக்கம். நான்கு மாதம் எந்தப் பலனும் கண்ணில் படாத திட்டத்தை நாம் ஐந்தாவது மாதம் தொடர்வோம் என்று எனக்கு நம்பிக்கையில்லை. வட்டி விகிதங்களுக்கிடையே பெரிய வித்தியாசம் இருந்தால் மட்டும் முதலாவதைப் பாருங்கள்.

கட்ட முடியாத நிலைமை என்றால் ஒளியாதீர்கள். கடன் கொடுத்தவரைக் கெடுவுக்கு முன்பே அழைத்துப் பேசினால் தவணையை மாற்றியமைக்க வாய்ப்புண்டு. கெடு முடிந்து மூன்று மாதம் கழித்துப் பேசுவதைவிட அது எளிது. போனில் பேசத் தயக்கமாக இருந்தால் சொல்ல வேண்டிய நான்கு வரியை எழுதி வைத்துப் படியுங்கள்.

ஏழாம் படி: வாரம் பதினைந்து நிமிடம், பக்கத்தில் ஓர் ஆள்

தனியாக உட்கார்ந்தால் நடக்காத வேலை, பக்கத்தில் இன்னொருவர் சும்மா இருந்தாலே நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஞாயிறு மாலை என் தங்கை வீடியோ அழைப்பில் வருவாள். அவள் துணி மடிப்பாள், நான் கணக்குப் பார்ப்பேன். “அண்ணா, சத்தமே காணோம், போன்ல வேற எதையோ பாக்குறியா?” என்று நடுவில் ஒரு கேள்வி. பெரும்பாலும் ஆமாம்தான்.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் மூன்றே வேலைகள். பில் கணக்கில் அடுத்த வாரத்துக்குப் போதுமான பணம் இருக்கிறதா? புரியாத செலவு ஏதாவது போயிருக்கிறதா? வந்த கடிதங்களையும் மின்னஞ்சல்களையும் பிரித்தாயிற்றா? நான்காவதாக எதையும் சேர்க்காதீர்கள்.

துணைவரோடு சேர்ந்து குடும்பப் பணத்தை நடத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘எனக்கு ஏடிஹெச்டி, நீயே பார்த்துக்கொள்’ என்று முழுசாகத் தள்ளிவிட்டால் கொஞ்ச நாளில் ஒருவர் கணக்கப்பிள்ளை, இன்னொருவர் திட்டு வாங்கும் குழந்தை என்று ஆகிவிடும். தேதி பார்த்துச் செய்ய வேண்டியவற்றை அவர் எடுத்துக்கொள்ளட்டும். விலை விசாரிப்பது, பழுது பார்க்க ஆள் பிடிப்பது போன்ற ஒரே மூச்சில் முடியும் வேலைகளை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எண்கள் இருவருக்கும் தெரிய வேண்டும்.

மருத்துவம் பற்றியும் ஒரு வார்த்தை. ஏடிஹெச்டிக்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு. எடுத்துக்கொள்பவர்களில் பலருக்கு உட்கார்ந்து வேலையைத் தொடங்குவது எளிதாகிறது. ஆனால் மருந்து ஆட்டோ டெபிட் போட்டுத் தராது. இன்னொன்று: சில நாட்களாகத் தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு பெரிய தொகைகளைச் செலவழிக்கிறீர்கள் என்றால் அதை ஏடிஹெச்டி கணக்கில் எழுதாதீர்கள். அது வேறு நிலையாக இருக்கலாம், மருத்துவரிடம் சீக்கிரம் சொல்லுங்கள்.

எட்டாம் படி: விட்டுப்போனால்

இந்த அமைப்பும் ஒரு நாள் விட்டுப்போகும். வேலை மாறும், வீடு மாறும், உடம்பு சரியில்லாமல் போகும், இல்லை காரணமே இல்லாமல் ஆறு வாரம் ஆப்பைத் திறந்திருக்க மாட்டீர்கள். அன்றைக்கு எங்கே தொடங்குவது என்று யோசிக்கும் தெம்பு இருக்காது. அதனால் தெம்பு இருக்கும் இன்றைக்கே ஒரு அட்டையில் எழுதி, தேவைப்படும்போது கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள். என்னுடையது இழுப்பறையின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது:

1. தங்கைக்கு போன் செய்.
2. பில் கணக்கின் பேலன்ஸை மட்டும் பார்.
3. கெடு தாண்டியது எது என்று பார். ஒன்றை மட்டும் இன்று கட்டு.
4. தாமதக் கட்டணம் போட்டிருந்தால் தள்ளுபடி கேள். முதல் முறை என்றால் சில சமயம் கிடைக்கும்.
5. மீதி ஞாயிற்றுக்கிழமை.

நான்காவது வரியை மூன்று முறை பயன்படுத்தியிருக்கிறேன். இரண்டு முறை கிடைத்தது.